ஒரு சொட்டுகூட

கேன் காலியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஏற்கெனவே கால் லிட்டர் இருந்தது.

காலை ஆறு மணிக்குக் குளியலறையில் நின்றபடி, பிரேக் வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேனில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். கண்ணாடி இல்லாமல் செய்த காரியத்தைக் கண்ணாடியோடு படித்தபோது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. 'எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. அதைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளவும். அதிலிருந்து மறுநாள் அதே மணி வரை ஒரு சொட்டுகூட விடாமல் கேனில் சேர்க்கவும்.'

உடனே ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் போன் போட்டார். முந்தின நாள் அவருக்கு ரத்தம் எடுத்த லேப் அம்மாதான் எடுத்தார்.

"மேடம், முதலாவதும் உள்ளே போயிடுச்சு."

"பரவாயில்ல சார். கொட்டிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்துடுங்க. இப்ப மணி என்ன?"

"ஆறு இருபது."

"அதை எழுதிக்குங்க. நாளைக்குக் காலையில ஆறு இருபதுக்கு முடியும். நாளைக்கு வர்ற முதலாவது கட்டாயம் சேரணும். இன்னிக்கு முதலாவதுதான் வேணாம்."

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம். வீணாப் போகுதே."

"அது நேத்தைய சரக்கு சார். கொட்டுங்க."

கொட்டினார். அதற்குள் வெளியே கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? மத்தவங்களுக்கும் அவசரம் இருக்கும்ல," என்றாள் மனைவி.

வாத்தியாருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவருடைய வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் இவர் காலடியில். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூட வேகமாக ஏதாவது வந்தால் வலது கால் தரையை அழுத்தும். பிரேக் வாத்தியார் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அவருக்கு ஒரே தங்கை. நூலகத்தில் வேலை பார்த்தவள். ஒன்றரை வருடமாக அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே எடுத்து அலசி உள்ளே அனுப்புகிறது. "என்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்துக்குங்க," என்று வாத்தியார் டாக்டரிடம் சொன்னது, பக்கத்து வீட்டுக்குக் குடை கொடுப்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ரத்த வகை சேர்ந்தது. ஆனால், அவருடைய சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த ஒரு நாள் சோதனை அதற்குத்தான். வெள்ளிக்கிழமை மருத்துவர் குழு கூடுகிறது. அதற்குள் முடிவு தெரியவில்லை என்றால் அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்துத்தான். தங்கையின் உடம்பு இரண்டு மாதம் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடினார்.

ஆகவே இந்தக் கேன் சாதாரணக் கேன் இல்லை.

அதை வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெரியவர் பதிவேட்டைப் புரட்டி, "இந்த விலாசத்துக்குக் கேன் கொடுத்தாச்சே," என்றார்.

"எனக்கு யாரும் தரலையே."

"இதோ, டிக் அடிச்சிருக்கேன்."

வாத்தியார் வாதாடவில்லை. போன வாரம் இதே பெரியவர்தான் வேறு யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டையோ இவர் கையில் கொடுத்து, குழந்தை நல்லபடியாக இருப்பதாக வாழ்த்துச் சொன்னவர்.

"சரி, இன்னொண்ணு எடுத்துக்குங்க. எனக்கென்ன," என்று பெரியவர் ஒரு வெள்ளைக் கேனை நீட்டினார்.

வாத்தியார் கேனோடு குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் மனைவி உள்ளே போய்த் தாழ் போட்டாள். அவள் வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. எட்டு வருடத்துக்கு முன் நாத்தனாரின் புது வீட்டுக்கு அவள் ஏழு திரை தைத்துக் கொடுத்தாள். அத்தனை பேர் கூடியிருந்த கூடத்தில் நின்றுகொண்டு நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இந்த ஏழாவது ரெண்டு அங்குலம் குட்டையா இருக்கே." அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பேச்சு உண்டு, ஆனால் அதில் ஈரம் கிடையாது.

தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போவதாக வாத்தியார் சொன்ன அன்று, மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை.

"முதுகுவலி மாத்திரையை வெறும் வயித்துல முழுங்கி முழுங்கி, உங்களுதே எப்படி இருக்கோ."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். உன் ரத்தம் என்ன வகை? எல்லாருக்கும் சேருமே அந்த வகைதானே?"

"எல்லாருக்கும் சேரும். உங்க தங்கச்சியைத் தவிர," என்று நூலைப் பல்லால் கடித்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

கேனைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. வாத்தியார் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டு முழுவதையும் ஒரு கறுப்புப் பை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் மனைவியின் கொட்டை எழுத்தில் 'சாயத் துணி, தொடாதே' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"கை வெக்காதீங்க," என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சாயம் நிக்கணும்னா குளிர்ல அசையாம இருக்கணும். கட்டிலளவு திரை ஒண்ணுக்குச் சாம்பிள் ஊற வெச்சிருக்கேன்."

"அப்ப கேனை எங்கே வைக்கிறது?"

"நீங்கதான் நாள் பூரா வண்டியில சுத்துறீங்களே. வண்டியில வெச்சுக்குங்க."

ஒரு நாளைக்கு ஒரு தட்டை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். வழியில் ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி, கேனை நடுவில் நிறுத்தி, பின் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். வழக்கம்போல் சாவியைத் திருப்பும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் கடவுளை நினைத்தார். இன்று இரண்டு நிமிடம் நினைத்தார்.

எட்டு மணிப் பாடம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு. அறுபத்தாறு வயதில் கார் பழக வந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. வண்டியில் ஏறியதும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டியில என்ன வாத்தியாரே, ஜூஸா?"

"இல்ல சார். மருந்து."

"என்ன மருந்து?"

"அது... கஷாயம்."

"ஐஸ்ல வெச்ச கஷாயமா? எதுக்கு?"

"முதுகுக்கு," என்றார் வாத்தியார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால், கிடைத்த உறுப்பைச் சொன்னார்.

"எனக்கு முட்டிக்கு ஆகுமா? ஒரு அரை டம்ளர் கொடுங்களேன்."

"சார், ரோட்டைப் பாருங்க."

ஹெட்மாஸ்டர் ரோட்டைப் பார்த்தார். ஆனால் மனசு முட்டியிலேயே இருந்தது. அதற்குள் வாத்தியாருக்கு அவசரம் வந்துவிட்டது. லேப் அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. எப்போதும் போல் இருக்கச் சொல்லியிருந்தார். இவராகத்தான் ஆர்வத்தில் ஒரு சொம்பு குடித்திருந்தார்.

"சார், அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க."

தெர்மாகோல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் விரைந்தவரைப் பங்க் ஊழியர் மறித்தார்.

"அண்ணே, பெட்டியை வெச்சுட்டுப் போங்க."

"பெட்டிக்காகத்தான் போறேன் தம்பி."

"அதான் கேக்குறேன். பெட்டிக்குள்ள என்ன?"

இங்கே கஷாயம் என்று சொல்ல வாத்தியாருக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னார். தங்கை, இயந்திரம், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் காலை மாற்றி மாற்றி வைத்தபடி ஒரே மூச்சில் சொன்னார். பங்க் ஊழியர் சாவியை எடுத்துப் போய், முதலாளி மட்டும் உபயோகிக்கும் கழிப்பறையைத் திறந்துவிட்டார். இவர் வெளியே வரும் வரை வாசலிலேயே காவல் நின்றார். போகும்போது கடையிலிருந்து இரண்டு கை ஐஸ் அள்ளி வந்து பெட்டியில் போட்டார்.

"என் பேர்லயும் வேண்டிக்குங்கண்ணே," என்றார், என்ன வேண்டுதல் என்று சொல்லாமல்.

உண்மை சொன்னால் உலகம் எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்று வாத்தியாருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் கேன் மூடியைச் சரியாகத் திருகினோமா என்று பார்க்கவில்லை. பெட்டியை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்து, "பின்னாடி வெச்சுடுங்க சார்," என்றார். பெல்ட் போட வேண்டும் என்பது ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது.

அடுத்த பாடம் ரிவர்ஸ். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தார். ஆக்ஸிலேட்டரை மட்டும் பார்க்கவில்லை. வண்டி பின்பக்கமாக ஒரு மாவட்டத்தையே தாண்டிவிடும் வேகத்தில் கிளம்பியது. வாத்தியாரின் கால் தன் வேலையைச் செய்தது.

வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை.

"பாருங்க, நான் டக்குனு பிரேக் போட்டுட்டேன்," என்றார் ஹெட்மாஸ்டர் பெருமையாக.

எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் வாத்தியார் அதைப் பற்றிச் சிந்திக்கும் நிலையில் இல்லை. கேனில் இருந்ததில் பாதி, பெட்டிக்குள் ஐஸோடு கலந்திருந்தது. கொஞ்சம் இருக்கை மேல்.

"அடடா, கஷாயம்," என்று ஹெட்மாஸ்டர் துண்டை எடுத்து இருக்கையைத் துடைத்தார்.

"சார், துடைக்காதீங்க. அது கஷாயம் இல்ல."

"பின்னே?"

வாத்தியார் இரண்டாவது முறையாக உண்மையைச் சொன்னார். ஹெட்மாஸ்டர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். முட்டிக்கு அரை டம்ளர் கேட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு மெல்லச் சரியானது. முப்பத்தைந்து வருடம் பள்ளி நடத்தியவர். துண்டைப் பெட்டிக்கு மேலே பிடித்து, கடைசிச் சொட்டு வரை பொறுமையாகப் பிழிந்தார்.

"உங்க தங்கச்சிக்கு உரியது. நான் எடுத்துட்டுப் போகக் கூடாது," என்றார்.

வாத்தியார் லேப் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஐஸ் தண்ணியோட கலந்துடுச்சு. எல்லாம் கெட்டுப்போச்சா?"

"தண்ணி கலந்தா பெரிய தப்பில்ல சார். நாங்க தண்ணியை எண்ணறது இல்ல. நம்ம தசையிலேர்ந்து கிரியாட்டினின்னு ஒரு கழிவு தினமும் ஒரே அளவுல ரத்தத்துக்கு வந்துட்டே இருக்கும். கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். ஒரு நாள்ல எவ்வளவு வெளியே வந்துச்சு, ரத்தத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்தா, நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் சுத்தமாகுதுன்னு தெரிஞ்சுடும். எண்பதுக்கு மேல இருந்தாத்தான் உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியும்."

"அப்ப ஐஸ் தண்ணியையும் சேர்த்தே ஊத்திடலாமா?"

"ஊத்திடுங்க. ஆனா வெளியே போனது போனதுதான். நடந்ததைத் தாள்ல உள்ளபடி எழுதிடுங்க."

"நாள் பூரா கிட்னி இவ்வளவுதான் வடிகட்டுமா மேடம்?"

"இவ்வளவா? நூத்தெண்பது லிட்டர் வடிகட்டுது சார். அதுல நூத்தெழுபத்தெட்டைத் திருப்பி உடம்புக்கே கொடுத்துடும். மிச்சம்தான் உங்க கேன்ல விழறது."

ஐஸ் தண்ணீரை ஊற்றியதும் ஒரு சிக்கல் வந்தது. மூன்று லிட்டர் கேன் காலை பதினோரு மணிக்கே கழுத்து வரை நிறைந்துவிட்டது. மீதி பத்தொன்பது மணி நேரத்துக்கு இடமில்லை. வாத்தியார் ஹெட்மாஸ்டரை வீட்டில் இறக்கிவிட்டு, இன்னொரு பாத்திரம் தேடித் தன் வீட்டுக்கு ஓடினார். வாசலிலேயே மறுபடி அவசரம் வந்துவிட்டது.

குளியலறை தாழ் போட்டிருந்தது.

"யாரு உள்ளே?" என்றார், வீட்டில் இருப்பதே இரண்டு பேர் என்பதை மறந்து.

"நான்தான். வேற யாரு வருவா?"

"சீக்கிரம் வாம்மா."

"அவசரப்படுத்தாதீங்க. சிந்திடும்."

"என்ன சிந்திடும்?"

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "தண்ணி," என்று பதில் வந்தது.

அவள் கதவைத் திறந்தபோது கையில் அளவுக் கோடு போட்ட ஜாடி இருந்தது. வாத்தியாரின் கண் அதன் மேல் விழுந்தது.

"அந்த ஜாடியைக் கொடேன். கேன் நிறைஞ்சுபோச்சு."

"இது முடியாது. சாயம் அளக்கிறது. இன்னிக்கு பூரா வேலை இருக்கு."

"நூத்தெண்பது லிட்டரை வடிகட்டுதாம் ஒரு நாளைக்கு. அதுக்கு ஒரு ஜாடி தர மாட்டேங்கிறியே."

"நூத்தெண்பதா?"

"ஆமா. நல்லதையெல்லாம் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துட்டு, ரெண்டு லிட்டரைத்தான் வெளியே விடுதாம்."

"நாள் பூரா உழைச்சாலும் இருக்கிறதே வெளியே தெரியாது. நோவு வந்தாத்தான் நினைச்சுப் பார்ப்பாங்க. இல்ல?" என்றாள் மனைவி. "யாரு மாதிரின்னு யோசிச்சுக்கிட்டே போங்க." ஜாடியோடு தையல் அறைக்குப் போய்விட்டாள்.

யோசிக்க நேரமில்லை. பின்பக்க வராந்தாவில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பச்சை நிறப் பூவாளி இருந்தது. வாத்தியார் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளியலறைக்குக் கொண்டுபோனார். பிற்பகல் பாடங்களை ரத்து செய்துவிட்டார். மாலை வரை பூவாளி நன்றாக உழைத்தது. அதன் மேல் ஈரத்துணி போர்த்தி, வராந்தாவில் நிழலான மூலையில் வைத்தார். ஒவ்வொரு முறையும் மணியைத் தாளில் குறித்தார். முதல் தடவையாக எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குத் தங்கை வந்தாள். இயந்திரத்திலிருந்து நேராக வந்ததால் முகம் வெளுத்து, கையில் கட்டுப் போட்டிருந்தது. வாத்தியார் மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"குடி, குடி. என் பங்கையும் சேர்த்துக் குடி," என்றாள். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி.

மனைவி ஒரு சிறிய டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். பாதிதான் இருந்தது.

"நூறு மில்லி," என்றாள்.

"அண்ணி அளந்தா சரியாத்தான் இருக்கும்," என்றாள் தங்கை, கூடத்து ஜன்னல் திரையைப் பார்த்தபடி.

"சிலருக்கு அளந்துதான் கொடுக்கணும்," என்றாள் மனைவி.

வந்தவளுக்கு வாய் நனைக்கவும் அளவா என்று வாத்தியார் மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டார். பேச்சை மாற்ற, கேன் பத்திரமாக மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். திரும்பி வரும்போது தங்கை நாற்காலியில் இல்லை. வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, இந்தச் செடியையெல்லாம் யாரும் கவனிக்கிறதே இல்லையா? பூவாளியில தண்ணியை வெச்சுட்டு ஊத்தாம விட்டிருக்கீங்க. பாவம், வாடிப்போச்சு."

வாத்தியாரின் வலது கால் தரையை அழுத்தியது. வீட்டில் அதற்குப் பலன் இல்லை.

அவர் வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடைசித் தொட்டிக்குக் கடைசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் முகத்தையும் பூவாளியையும் ஈரத்துணியையும் தங்கை மாறி மாறிப் பார்த்தாள். புத்தகங்களோடு பழகியவளுக்கு விஷயம் புரிய அதிக நேரமாகவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து வாத்தியார் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு வந்ததை நானே செம்பருத்திக்குக் கொடுத்துட்டேனா," என்றாள். சிரித்துச் சிரித்து, கண்ணில் வந்ததைக் கட்டுப் போட்ட கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "விடுண்ணா. நீ இவ்வளவு பாடுபட்டதே எனக்குப் போதும்."

அந்தப் 'போதும்' என்ற சொல்தான் வாத்தியாரைக் கெடுத்தது.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆறு மணி நேரச் சேமிப்பு மண்ணுக்குள் போயிருந்தது. கேனில் இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டால் எண்பது எங்கே வரப்போகிறது? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். லேப் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கிரியாட்டினின். அது எல்லார் உடம்பிலும் தினமும் வருவது. எல்லார் உடம்பிலும்.

தையல் அறை வாசலில் போய் நின்றார். மனைவி குனிந்து திரைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில்.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"உன்கிட்ட ஒரு உதவி. கேக்கவே கூச்சமா இருக்கு."

"கட்டிக்கிட்டு இருபத்துநாலு வருஷமாச்சு. இப்ப என்ன கூச்சம்?"

"அந்தக் கேன் கணக்குல கொஞ்சம் குறையுது. நீ... கொஞ்சம் சேர்த்துவிட்டீன்னா..."

தையல் இயந்திரம் நின்றது. மனைவி நிமிர்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகம் இவ்வளவு கடுமையானதை அவர் பார்த்ததில்லை.

"ஒரு சொட்டுகூடத் தர மாட்டேன்," என்றாள்.

"என் தங்கச்சிக்காகத்தானே கேக்குறேன்."

"யாருக்காகக் கேட்டாலும் கிடையாது. ஒரு சொட்டுகூட. அப்புறம், பொய்யான நம்பரைக் காட்டி உங்க கிட்னியை எடுத்து அவளுக்கு வெச்சா, நாளைக்கு ரெண்டு பேரும் அந்த மெஷின்ல படுப்பீங்க. நான் யாரைப் போய்ப் பார்க்கிறது?"

வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது. அவள் கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. காலையில் கடவுளை இரண்டு நிமிடம் நினைத்தவன், மாலையில் கேனில் கலப்படம் செய்ய ஆள் தேடினேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த முதல் வாக்கியம் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு சொட்டுகூட. இரண்டு அங்குலத் துணிக்காக எட்டு வருடம்.

அதற்கப்புறம் அவளிடம் அவர் பேசவில்லை.

மறுநாள் ஆறு பத்துக்குக் குளியலறைக் கதவு தாழ் போட்டிருந்தது. வாத்தியார் கதவைத் தட்டவில்லை. பேசாத விரதத்தில் இருந்தார். இரவெல்லாம் மறுபடி உழைத்த பூவாளியோடு, கால் மேல் கால் பின்னிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பதினெட்டுக்கு அவள் வெளியே வந்து, சமையலறைக்குப் போனாள். ஆறு இருபதுக்கு அவர் கடமையை முடித்தார்.

பிறகு மேசையில் உட்கார்ந்து, தாளின் கீழே உள்ளபடி எழுதினார்: 'காலை பத்து மணிக்கு வண்டியில் சிந்தியது. துண்டிலிருந்து பிழிந்தது சேர்க்கப்பட்டுள்ளது. ஐஸ் தண்ணீர் சுமார் இரண்டு லிட்டர். மாலை ஐந்து மணிக்குச் செடிகளுக்கு ஊற்றப்பட்டது, சுமார் முக்கால் லிட்டர். இது தவிர வேறு குறை இல்லை.'

வாசலில் மனைவி பெரிய பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். விரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, "வண்டியில வரியா?" என்று கேட்டார். மனைவியானாலும், வெயிலில் நடப்பவரைப் பார்த்துக்கொண்டு வண்டியில் போக அவரால் முடியாது.

"வேணாம். உங்க வண்டியில வெச்சா எதுவும் உருப்படியாப் போய்ச் சேராது. நான் பஸ்ல போறேன்," என்று பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். தாளைப் படித்துக்கொண்டிருந்தவரின் மீசை அசைந்தது. செடிகள் வரை வந்துவிட்டார் போலிருக்கிறது.

"இவ்வளவு நேர்மையான ஒரு தாளை நான் பார்த்ததில்லை," என்றார். "ஆனா, உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது."

"டாக்டர், அந்தப் பூவாளியை நான் அங்க வெச்சிருக்கக் கூடாது. இன்னொரு நாள் அவகாசம் கொடுத்தீங்கன்னா..."

"பூவாளி மேல பழி போடாதீங்க. கேனை நாங்க கணக்குலேயே எடுத்துக்கலை. ரத்தத்தை ரெண்டு தடவை பார்த்தோம், வேற ஒரு ஸ்கேனும் பார்த்தோம். ஐம்பத்தேழு. முதுகுவலிக்கு எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"இன்னியோட நிறுத்துங்க. வீட்டுல யாரும் சொல்லலையா?"

சொல்லாமல் என்ன. தினமும் தையல் இயந்திரச் சத்தத்தோடு சொன்னாள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப என் தங்கச்சி?"

"அதுதான் நல்ல சேதி. வேற ஒருத்தர் வந்திருக்காங்க. ரத்தம் சேருது, எல்லாச் சோதனையும் முடிஞ்சுது. நூத்திப் பத்து. இன்னிக்குக் குழுவுல சொல்லிடுவோம்."

"யாரு டாக்டர்?"

"குழு முடிவு பண்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. குறிப்பா உங்ககிட்ட."

வாத்தியார் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. யாராக இருக்கும்? பங்க் ஊழியரா? என்ன வேண்டுதல் என்று சொல்லாமல் வேண்டிக்கொள்ளச் சொன்னாரே. ஹெட்மாஸ்டரா? அறுபத்தாறு வயதில் எடுப்பார்களா? யாரோ ஒருவர். உறவில்லை, சொந்தமில்லை. சொல்லாமல் பக்கத்திலேயே இருந்து சரியான நேரத்தில் அழுத்திய ஒரு கால். அந்த முகம் தெரியாதவருக்காகக் கண்ணை மூடிப் பிரார்த்தித்தார். நீண்ட ஆயுள் கேட்டார், குறையில்லாத உடம்பு கேட்டார். அதோடு, ஒரு சொட்டுகூடத் தர மாட்டேன் என்ற தன் மனைவிக்கும் கொஞ்சம் இரக்கத்தைக் கொடு என்று கேட்டுக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். பெரியவர் பதிவேட்டைத் திறந்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். இவரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெற்றிக்களை.

"அன்னிக்கு நம்பலையே நீங்க. நான் கேனை மாத்திக் கொடுக்கிற ஆளா? இங்கே ரெண்டு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு ரிப்போர்ட் இருக்கே சார். ஒண்ணு உங்களோடது, இன்னொண்ணு, 'சாயத் துணி, தொடாதே'ன்னு எழுதின கறுப்புப் பையில கேனைக் கொண்டுவந்து கொடுத்தாங்களே, உங்க வீட்டம்மா, அவங்களோடது."